விழித்திரையில் அடக்கி வைக்கப்பட்ட மரபணுக்கள்

மனிதக் கண்ணிலும் வரிக்குதிரை மீனின் கண்ணிலும் விழித்திரையின் முழுத் தடிமனையும் ஊடுருவி நிற்கும் ஒரே வகைச் செல் உண்டு. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹைன்ரிச் முல்லர் 1851-இல் அதை விவரித்தார். அவர் பெயராலேயே அது முல்லர் செல் என்று வழங்கப்படுகிறது. அது நரம்புச் செல் அன்று, கிளியா எனப்படும் துணைச் செல் வகையைச் சேர்ந்தது. நரம்புச் செல்களைச் சுற்றி மிகுந்துவிடும் பொட்டாசியத்தையும் குளூட்டமேட்டையும் உறிஞ்சி அகற்றுவது, ஊட்டப் பொருள்களைக் கைமாற்றுவது, விழித்திரையின் அடுக்குகள் குலையாமல் தாங்கிப் பிடிப்பது ஆகியவை அதன் அன்றாட வேலைகள். மீனின் விழித்திரை சிதைந்தால் இதே செல் புதிய நரம்புச் செல்களை ஈன்று, சில வாரங்களில் பார்வையை மீட்டுத் தருகிறது. நம்முடைய விழித்திரை சிதைந்தால் அது தடித்துத் தழும்பாகிறது.

இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருபவன் என்பதால், 'மீனிடம் இருக்கும் அந்த மரபணு நம்மிடம் இல்லையா?' என்ற கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். இருக்கிறது என்பதே விடை. மீனின் விழித்திரை மீள்வளர்ச்சியில் பங்கேற்கும் முக்கிய மரபணுக்களின் இணைகள் மனிதனிடமும் சுண்டெலியிடமும் இருக்கின்றன. கருவில் நம் கண் உருவானபோது அவற்றில் பல வேலை செய்து முடித்தவையும்கூட. ஆகவே இது இழந்துபோன மரபணுவைத் தேடும் கதையன்று. எந்த மரபணு எப்போது, எந்தச் செல்லில், எவ்வளவு நேரம் இயங்கலாம் என்று தீர்மானிக்கும் ஒழுங்குமுறையின் கதை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் எழுதப்படும் செய்திகள்தாம் 'பார்வையைத் திருப்பித் தரும் மரபணு கண்டுபிடிப்பு' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் வெளியாகின்றன.

முதலில் மீனில் என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்போம். நிறமற்ற வரிக்குதிரை மீன்களைச் சில நாள்கள் இருட்டில் வைத்திருந்து, பிறகு மிகக் கடுமையான ஒளியில் விடுவது ஆய்வகங்களில் வழக்கமான முறை. ஒளியை உணரும் குச்சிச் செல்களும் கூம்புச் செல்களும் கூட்டமாக மடிகின்றன. முல்லர் செல்களின் உட்கருக்கள் சாதாரணமாக விழித்திரையின் நடு அடுக்கில் வரிசையாக இருக்கும். ஏறத்தாழ இரண்டாம் நாளில் எடுக்கப்பட்ட குறுக்குவெட்டுத் துண்டை நுண்ணோக்கியில் வைத்தால், அவற்றில் சில தம் வரிசையை விட்டு வெளிப்புற அடுக்கை நோக்கி மேலேறியிருப்பது தெரியும். செல் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் உட்கரு மட்டும் இழைக்குள் பயணம் செய்கிறது. மேலே சென்று உருண்டு திரண்டு இரண்டாகப் பிரிந்தபின் கீழிறங்குகிறது. பிரிந்த இரண்டில் ஒன்று மீண்டும் முல்லர் செல்லாகவே தன் பழைய பொறுப்பை ஏற்கிறது. மற்றொன்று நரம்பு முன்னோடிச் செல்லாகி, தாய்ச் செல்லின் இழையைப் பற்றிக்கொண்டு மேலும் பலவாகப் பெருகுகிறது. அந்த முன்னோடிகள் காலியான இடத்துக்குச் சென்று குச்சிகளாகவும் கூம்புகளாகவும் முதிர்கின்றன. ஒரு மாத அளவில் அந்த மீன் மீண்டும் பார்க்கிறது.

இந்தப் பயணத்தைத் தொடங்கி வைப்பவை காயத்தின்போது எழும் சமிக்ஞைகள். இறக்கும் செல்களிலிருந்து வரும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் அவற்றுள் ஒன்று. முல்லர் செல்லே சுரக்கும் எச்பி-ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி இன்னொன்று. காயம் பட்ட சில மணி நேரத்துக்குள் முல்லர் செல்லில் ஏஎஸ்சிஎல்1ஏ என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. இது உருவாக்கும் புரதம் ஒரு படியெடுப்புக் காரணி, அதாவது, டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து வேறு மரபணுக்களை இயக்குவது அதன் தொழில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேனியல் கோல்ட்மனின் ஆய்வகத்தில் ராஜேஷ் ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியோரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணியைக் காட்டியது. ஏஎஸ்சிஎல்1ஏ, லின்28 என்ற மரபணுவை இயக்குகிறது. லின்28 புரதம், லெட்-7 என்ற குறு ஆர்.என்.ஏ. முதிர்வதைத் தடுக்கிறது. அமைதியான விழித்திரையில் லெட்-7 மிகுதியாக இருந்து, மீள்வளர்ச்சிக்குரிய பல மரபணுக்களின் செய்தி ஆர்.என்.ஏ.க்கள் புரதமாக மாறாமல் அடக்கி வைத்திருக்கும். அடக்கப்பட்டவற்றுள் ஏஎஸ்சிஎல்1ஏவும் லின்28-உம் அடக்கம். லெட்-7 குறைந்ததும் அவையெல்லாம் ஒன்றாக எழுகின்றன. தன்னை அடக்கி வைத்திருப்பதையே தான் அடக்கி விடுதலை பெறும் இந்தச் சுற்று, ஒருமுறை சாய்ந்துவிட்டால் எளிதில் பின்வாங்காது. ஏஎஸ்சிஎல்1ஏவை முடக்கிவிட்டால் மீனிலும் மீள்வளர்ச்சி நடப்பதில்லை.

நியூட் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வி வேறொரு வழியைக் கையாள்கிறது. அதன் விழித்திரையை முழுவதுமாக அகற்றினாலும், பின்னாலுள்ள நிறமி அடுக்கின் செல்கள் தம் நிறமியை உதிர்த்துவிட்டுப் பெருகி முழு விழித்திரையையும் மறுபடி கட்டிவிடும். வியப்பான செய்திதான். ஆனாலும், நமக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுவது மீனின் வழியே.

சுண்டெலியில் நடப்பதை நெடுங்காலம் 'ஒன்றும் நடப்பதில்லை' என்றே எழுதி வந்தார்கள். அது சரியன்று என்பதை 2020-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஒரு பெரிய ஒப்பாய்வு காட்டியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சேத் பிளாக்ஷா, நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹைட் முதலியோரின் குழுக்கள், மீன், கோழிக்குஞ்சு, சுண்டெலி ஆகிய மூன்றின் முல்லர் செல்களையும் காயத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து, எந்த மரபணுக்கள் இயங்குகின்றன, டி.என்.ஏ.வும் அது சுற்றப்பட்டிருக்கும் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டினின் எந்தப் பகுதிகள் திறந்திருக்கின்றன என்று தனித்தனிச் செல் அளவில் பதிவு செய்தன. காயம் பட்டதும் சுண்டெலியின் முல்லர் செல்லும் தன் அமைதி நிலையை விட்டு வெளியேறுகிறது. மீனின் செல் தொடக்கத்தில் எடுத்துவைக்கும் அடிகளில் சிலவற்றை அதுவும் எடுத்து வைக்கிறது. ஆனால், மீனில் இல்லாத வகையில், ஒரு தனி ஒழுங்குமுறை வலையம் குறுக்கிட்டு அதைப் பழைய அமைதி நிலைக்கே இழுத்துச் செல்கிறது. அந்த வலையத்தின் மையத்தில் என்எஃப்ஐஏ, என்எஃப்ஐபி, என்எஃப்ஐஎக்ஸ் என்ற மூன்று உறவுக் காரணிகள் இருந்தன. வளர்ந்த சுண்டெலியின் முல்லர் செல்களிலிருந்து மூன்றையும் அகற்றிவிட்டுக் காயப்படுத்தியபோது, அந்தச் செல்கள் பெருகின. நரம்புச் செல்களும் தோன்றின.

என் பார்வையில் இத்துறையின் திருப்புமுனை இந்த ஆய்வுதான். அதுவரை 'எதைச் சேர்த்தால் செல் மாறும்?' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், 'எதை எடுத்தால் செல் மாறும்?' என்று கேட்கத் தொடங்கினார்கள். பாலூட்டியின் முல்லர் செல் ஆற்றல் இல்லாமல் வாளாவிருக்கவில்லை. அது தொடர்ந்து தடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. தடுப்பதற்கென்று உழைக்கும் காரணிகளைப் பரிணாமம் இத்தனை காலம் பேணி வைத்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் இருக்க வேண்டும். நரம்புத் திசுவில் கட்டுப்பாடற்ற செல் பெருக்கம் புற்றாகலாம். ஏற்கெனவே பின்னப்பட்ட இணைப்புகளுக்கு நடுவே புதிய செல்கள் நுழைவது இருக்கும் பார்வையையும் குழப்பலாம். தடையை நீக்கும் மருத்துவம் எதுவாயினும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் செல்ல வேண்டும்.

சேர்க்கும் வழியிலும் பயனுள்ள பாடங்கள் கிடைத்திருக்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரேயின் குழு, மீனின் ஏஎஸ்சிஎல்1ஏவுக்கு இணையான ஏஎஸ்சிஎல்1 மரபணுவைச் சுண்டெலியின் முல்லர் செல்களில் கட்டாயமாக இயக்கிப் பார்த்தது. பிறந்து இரண்டு வாரங்களுக்குட்பட்ட குட்டிகளில், காயத்துக்குப் பின் நரம்புச் செல்கள் உருவாயின. அதற்கு மேல் வளர்ந்த எலிகளில் அதே மரபணு பயனளிக்கவில்லை. காரணி அதேதான், அது அமர வேண்டிய டி.என்.ஏ. பகுதிகள்தாம் ஹிஸ்டோன் புரதங்களோடு இறுகச் சுற்றப்பட்டு மூடிக்கிடந்தன. 2017-இல் அதே குழு, ஹிஸ்டோன்களிலிருந்து அசெட்டைல் குறிகளை நீக்கும் நொதியைத் தடுக்கும் டிரைக்கோஸ்டாட்டின்-ஏ என்ற பொருளையும் சேர்த்துக் கொடுத்தது. குறிகள் நிலைத்து, மூடிய பகுதிகள் திறந்தன. வளர்ந்த எலியிலும் முல்லர் செல்களிலிருந்து நரம்புச் செல்கள் தோன்றி, சுற்றியிருந்த நரம்புச் செல்களோடு இணைந்து, ஒளிக்கு மின்னசைவும் காட்டின. அவை பெரும்பாலும் விழித்திரையின் இடைநிலை நரம்புச் செல்களான இருமுனைச் செல்களையும் அமக்ரைன் செல்களையும் ஒத்திருந்தன. விழித்திரைச் சிதைவு நோய்களில் இறப்பவை ஒளியுணர் செல்கள். கண் அழுத்த நோயில் இறப்பவை, விழித்திரையின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் கேங்கிலியான் செல்கள். தேவைப்படும் செல் ஒன்று, கிடைக்கும் செல் வேறொன்று என்ற இந்த இடைவெளி இன்றும் முழுமையாக அடைபடவில்லை. 2021-இல் ஏடிஓஎச்1 என்ற காரணியைச் சேர்த்தபோது மாற்றத்தின் திறன் வெகுவாகக் கூடியது. 2022-இல் ஐலட்1, பிஓயு4எஃப்2 ஆகிய காரணிகள் சேர்ந்தபோது கேங்கிலியான் செல்லைப் போன்றவை தோன்றின. போன்றவை என்று அந்த ஆய்வாளர்களே அடக்கமாக எழுதுவதைச் செய்தியாளர்களும் அப்படியே எழுதினால் நன்றாக இருக்கும்.

இந்த அடக்கத்துக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. ஒரு கிளியா செல் நரம்புச் செல்லாக மாறியது என்று எப்படி நிறுவுவது? பலர் கையாண்ட வழி, தீங்கற்ற ஒரு வைரஸில் தேவையான மரபணுவையும், பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவையும் ஏற்றி, கிளியா செல்களில் மட்டுமே இயங்கும் என்று நம்பப்படும் ஜிஎஃப்ஏபி என்ற தொடக்கியின் (மரபணுவை இயக்கிவைக்கும் டி.என்.ஏ. துண்டு) கட்டுப்பாட்டில் அவற்றை வைத்து, கண்ணுக்குள் செலுத்துவது. சில வாரங்கள் கழித்து நரம்புச் செல்கள் பச்சையாக ஒளிர்ந்தால், அவை கிளியாவிலிருந்து பிறந்தவை என்று முடிவு கட்டுவார்கள். இதில் ஓட்டை எங்கே என்றால், வைரஸ் நரம்புச் செல்களுக்குள்ளும் நுழைகிறது. அங்கே அந்தத் தொடக்கி அடங்கியிருக்க வேண்டும். ஆனால், ஏற்றி அனுப்பிய மரபணுவே சில வேளைகளில் அந்தத் தொடக்கியை நரம்புச் செல்லுக்குள் தட்டி எழுப்பிவிடுகிறது. அப்போது, பிறந்த நாள் முதல் நரம்புச் செல்லாகவே இருந்து வரும் ஒன்று திடீரென்று பச்சையாக ஒளிரும். பார்ப்பவருக்கு அது புதிதாகப் பிறந்ததாகத் தோன்றும்.

2020-இல் செல் இதழில், பிடிபிபி1 என்ற ஒரே ஒரு மரபணுவின் அளவைக் குறைத்தாலே முல்லர் செல்கள் கேங்கிலியான் செல்களாக மாறி, சேதமடைந்த எலிகளின் பார்வை மேம்படுகிறது என்று ஓர் ஆய்வு வெளியாகிப் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டே சுன்-லி ஜாங்கின் குழு, மூளையில் இதே வகையில் சொல்லப்பட்ட மாற்றங்களை மிகக் கறாரான மரபுவழித் தடமறிதலால் சோதித்து, ஒளிர்ந்த நரம்புச் செல்கள் ஏற்கெனவே இருந்தவைதாம் என்று காட்டியது. 2022-இல் பிளாக்ஷாவின் குழு முல்லர் செல்களிலிருந்து பிடிபிபி1 மரபணுவையே நீக்கிப் பார்த்தது. அவை நரம்புச் செல்களாக மாறவில்லை.

சரியான தடமறிதல் என்பது பொறுமை வேண்டும் வேலை. மருந்து கொடுத்தால் மட்டுமே இயங்கும் ஒரு நொதியை முல்லர் செல்களில் வைத்த எலிகளை வளர்த்தெடுத்து, காயப்படுத்துவதற்கு முன்பே அந்தச் செல்களின் டி.என்.ஏ.வில் அழியாத நிறக்குறி ஒன்றைப் பொறித்துவிட வேண்டும். அதன்பின் அவற்றிலிருந்து எது பிறந்தாலும், எவ்வளவு உருமாறினாலும், குறி கூடவே வரும். செல் பிரிந்ததா என்பதை அறிய டி.என்.ஏ. நகலாகும்போது அதில் கலந்துகொள்ளும் ஒரு வேதிப்பொருளையும் கொடுக்க வேண்டும். பாதி மாறிய இடைநிலைச் செல்கள் கண்ணில் படுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். முல்லர் செல் ஒரே தாவலில் கேங்கிலியான் செல் ஆனதாகச் சொல்லும் கட்டுரையில் இடைநிலைகள் காட்டப்படவில்லை என்றால், அந்த இடத்திலேயே என் ஐயம் தொடங்கிவிடும். இந்தச் சச்சரவைச் சிலர் அறிவியலின் தோல்வியாக எழுதினார்கள். பாதை தவறியதை இரண்டே ஆண்டுகளில் கண்டறிந்து பொதுவெளியில் திருத்திய துறையை நான் அப்படிக் கருத மாட்டேன். கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அமெரிக்காவில் நிரூபிக்கப்படாத 'ஸ்டெம் செல்' சிகிச்சை என்று சொல்லி, கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களை இரு கண்களிலும் செலுத்தியதால் 3 பெண்கள் பார்வையை இழந்த நிகழ்வு 2017-இல் மருத்துவ இதழில் பதிவானது. ஆய்வகத்தின் அரைகுறை முடிவுகள் வணிகத்தின் கைக்குப் போகும்போது விலை கொடுப்பவர் நோயாளிதான்.

செல்லைப் பிறப்பிப்பது பாதி வேலை என்றால், கேங்கிலியான் செல்லைப் பொறுத்தவரை மற்றப் பாதி அதைவிடக் கடினம். மனிதனின் பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் ஆக்சான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணிலிருந்து மூளைக்குள் குறிப்பிட்ட இடம்வரை செல்லும் நீண்ட இழை. சுண்டெலியின் பார்வை நரம்பை நசுக்கினால் இரண்டு வாரத்துக்குள் கேங்கிலியான் செல்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு மடிகின்றன. எஞ்சியவையும் இழையை மீண்டும் வளர்ப்பதில்லை. பாலூட்டியின் மைய நரம்பு மண்டலத்துக்கு இந்த ஆற்றலே இல்லை என்ற கருத்து, ஸ்பானிய நரம்பியல் முன்னோடி சாந்தியாகோ ரமோன் இ கஹால் காலத்திலிருந்து வேரூன்றியிருந்தது. 1980-களில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு, எலியின் காலிலிருந்து எடுத்த புற நரம்புத் துண்டைப் பார்வை நரம்பின் இடத்தில் ஒட்டியபோது, கேங்கிலியான் செல்கள் அந்தத் துண்டின் வழியே இழைகளை நீட்டின. மூளையை எட்டி இணைப்பும் பெற்றன. சூழல் இடம் கொடுத்தால் செல் வளரும் என்று அன்று புரிந்தது.

சூழல் மட்டும் காரணமன்று என்பது பிறகு தெரிந்தது. கருவிலிருக்கும் எலியின் கேங்கிலியான் செல்லை எடுத்துத் தட்டில் வளர்த்தால், அது பிறந்த எலியின் செல்லைவிட 10 மடங்கு வரை வேகமாக இழை நீட்டும் என்பதை 2002-இல் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்கும் பென் பாரஸும் காட்டினார்கள். பிறப்பை ஒட்டி, அருகிலுள்ள அமக்ரைன் செல்களின் தொடுகையால் அந்த வேகம் நிலையாக அணைக்கப்படுகிறது. கோல்ட்பெர்க்கின் குழு பின்னர் 2009-இல் கேஎல்எஃப்4 என்ற படியெடுப்புக் காரணியை இந்தத் தடையின் ஒரு பகுதியாக அடையாளம் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, ஜிகாங் ஹேவின் குழு பி-டென் என்ற மரபணுவைக் கேங்கிலியான் செல்களிலிருந்து நீக்கியபோது, செல்லின் புரத உற்பத்தியை முடுக்கும் எம்டார் பாதை விடுபட்டு, நசுங்கிய இடத்தைத் தாண்டி ஆக்சான்கள் வளர்ந்தன. 2011-இல் எஸ்ஓசிஎஸ்3 என்ற இன்னொரு தடையையும் சேர்த்து நீக்கியபோது வளர்ச்சி நீண்ட காலம் நீடித்தது. முல்லர் செல்லில் கண்ட அதே ஒழுங்கு இங்கும் தெரிகிறது: வளரும் திறனின் மீது முதிர்ச்சி ஒரு பூட்டைப் போட்டிருக்கிறது. பி-டென் ஒரு புற்று அடக்கி மரபணு என்பதால், அதை நிரந்தரமாக நீக்குவது மனிதருக்கான வழியாகாது.

பூட்டுகளைத் திறப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. டிஎல்கே என்ற நொதி, காயம் பட்ட கேங்கிலியான் செல்லைச் சாகச் சொல்லும் சமிக்ஞையைக் கடத்துகிறது. அதே நொதிதான் இழையை மீண்டும் வளர்ப்பதற்கான மரபணுக்களை இயக்கவும் தேவைப்படுகிறது. அதைத் தடுத்தால் செல் பிழைக்கும், ஆனால் வளராது. எஸ்ஓஎக்ஸ்11 என்ற காரணியை மிகுவித்தால் சில வகைக் கேங்கிலியான் செல்களின் இழைகள் நன்றாக வளர்கின்றன. ஆல்ஃபா என்ற வகைச் செல்களோ மடிகின்றன. சுண்டெலியில் 40-க்கும் மேற்பட்ட கேங்கிலியான் செல் வகைகள் இருப்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்ற எண்ணத்தையே கைவிட வேண்டியிருக்கும்.

வளர்ந்த இழை சரியான முகவரிக்குப் போக வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். 1940-களில் ரோஜர் ஸ்பெரி, நீர்நில வாழ்விகளின் பார்வை நரம்பை வெட்டிவிட்டு, கண்ணையும் 180 பாகை திருப்பி வைத்தார். நரம்பு மீண்டும் வளர்ந்தது, விலங்கு பார்த்தது. ஆனால், தலைக்கு மேலே பூச்சியைக் காட்டினால் தவளை கீழே பாய்ந்தது. எத்தனை முறை தவறினாலும் அது திருத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு இழையும் அனுபவத்தைப் பொருட்படுத்தாமல், வேதியியல் அடையாளங்களைப் பின்பற்றித் தன் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது. தவளையின் மூளை வளர்ந்தபின்னும் அந்த அடையாளங்களைக் காட்டுகிறது. பாலூட்டிகளில், வளர்ப்பு முறைகளால் நீட்டப்பட்ட ஆக்சான்களில் பல, திசை தவறித் திரும்புவதும் கிளைப்பதும் பார்வை நரம்பின் முழுத்தோற்றப் படங்களில் தெளிவாகவே தெரியும். மீட்டர் கணக்கில் அன்று, மில்லிமீட்டர் கணக்கில்தான் இந்த வழி தவறல் நிகழ்கிறது. பார்வைக்கு அதுவே போதுமான இழப்பு.

மீண்டும் முல்லர் செல்லுக்கு வருகிறேன். 2024-இல் பிளாக்ஷாவின் குழு, அமைதி நிலையைக் காக்கும் நாட்ச் சமிக்ஞைப் பாதையையும் என்எஃப்ஐ காரணிகளையும் சேர்த்து அகற்றியபோது, வளர்ந்த சுண்டெலியின் முல்லர் செல்கள் ஏறத்தாழ அனைத்தும் நரம்புச் செல்களாக மாறின. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சில செல்கள் மாறியதற்கே மகிழ்ந்த துறைக்கு இது பெரிய எண்ணிக்கை. ஆனால், மீனில் ஒவ்வொரு பிரிவின்போதும் ஒரு முல்லர் செல் மிஞ்சுகிறது; விழித்திரையைத் தாங்கும் வேலை தடைபடுவதில்லை. செல் பிரியாமலேயே நேரடியாக நரம்புச் செல்லாகிவிட்டால், பொட்டாசியத்தையும் குளூட்டமேட்டையும் அகற்றுவதற்கு எவரும் மிஞ்ச மாட்டார்கள். புதிதாகப் பிறந்த செல்களும் அந்தச் சூழலில் நெடுநாள் வாழ முடியாது. அதே ஆய்வில், ஓயாமல் இயங்கும்படி மாற்றப்பட்ட யாப் என்ற புரதத்தின் மூலம் முல்லர் செல்களைப் பெருகச் செய்தபோது நரம்புச் செல்களின் தோற்றமும் கூடியது. மீனின் வழிக்கு ஓரடி நெருங்கிய முயற்சி அது. இனி இத்துறையில் வரும் கட்டுரைகளில், புதிய நரம்புச் செல்கள் எத்தனை என்ற வரைபடத்துக்கு முன்பாக, இறுதியில் எத்தனை முல்லர் செல்கள் எஞ்சியிருந்தன என்ற எண்ணைத்தான் முதலில் தேடிப் பார்ப்பேன்.